பல வருடம் நின்ற வண்டியின் பெட்ரோல் டேங்க்: ஆசிட் ஊற்றுவதற்கு முன்

நீங்கள் கேட்டது இதுதான். திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமத்தில் அப்பாவின் யெஸ்டி பைக் 2009-லிருந்து கொட்டகையில் நிற்கிறது. நிறுத்தும்போது டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் இருந்தது. இப்போது மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை அடிக்கிறது, விரலை விட்டால் செம்பழுப்புத் தூள் ஒட்டுகிறது. பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றி அலசு என்கிறார் ஒருவர், புது டேங்க் வாங்கிப் போடு என்கிறார் இன்னொருவர், எதைக் கேட்பது? கூடவே, பெயிண்டும் பக்கவாட்டுக் கோடும் அப்பா காலத்தில் இருந்தபடியே இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் துருவை எடுப்பது எப்படி என்பதோடு உங்கள் கேள்வி நிற்கவில்லை. அந்த டேங்கையே, அந்தப் பெயிண்டோடு, காப்பாற்ற முடியுமா என்றுதான் கேட்கிறீர்கள். பெரும்பாலும் முடியும். ஆனால் ஆசிட்டைத் தொடாதீர்கள், புது டேங்குக்கும் அவசரப்படாதீர்கள்.

நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு மன்னார்குடியில் பட்டறை வைத்திருப்பவன். டூ ஸ்ட்ரோக் வண்டிகள், மொபெட்டுகள், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர்கள் என்று பெட்ரோல் டேங்க் உள்ள எல்லாமே என் கைக்கு வரும். நம் பக்கத்தில் வண்டி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். பையன் வெளிநாடு போய்விடுவான், பெரியவருக்கு முட்டி வலி வந்துவிடும், வண்டி மாட்டுக்கொட்டகை ஓரத்துக்குப் போய்விடும். கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மாதக்கணக்கில் ஈரம் காய்வதில்லை. பாதி காலியான டேங்க் பகலில் சூடேறி உள்ளிருக்கும் காற்றை மூடித் துளை வழியாக வெளியே தள்ளும். இரவு குளிர்ந்ததும் ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் தகட்டின் மேல்பாதியில் துளித்துளியாகப் படிந்து கீழே இறங்கி, பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்கும். துரு அங்கேதான் பிடிக்கத் தொடங்குகிறது. உங்கள் டேங்கில் எங்கே மோசமாக இருக்கும் என்று பார்க்காமலே இரண்டு இடம் சொல்ல முடியும். ஒன்று மேல்கூரையின் உட்புறம், இன்னொன்று காக், அதாவது பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்த் திருகு, இருக்கும் இடத்தைச் சுற்றிய அடிப்பள்ளம்.

உங்களுக்கு ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. யெஸ்டி டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் வண்டி. பெட்ரோல் ஆவியான பிறகும் அந்த ஆயில் தகட்டின் மேல் மெல்லிய படலமாகத் தங்கிவிடும். அதே கொட்டகையில் அதே வருடங்கள் நின்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியின் டேங்கைவிட உங்களுடையது நல்ல நிலையில் இருக்கவே வாய்ப்பு அதிகம். எவ்வளவு நல்ல நிலை என்பதைத் திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். பழைய பெட்ரோலோடு கிக்கரை உதைத்துப் பார்க்காதீர்கள். புதுப் பெட்ரோலை மேலே ஊற்றிக் கலந்து ஓட்டிப் பார்ப்போம் என்றும் நினைக்காதீர்கள். டேங்கில் இருக்கும் பிசினும் துருத்தூளும் கார்பரேட்டருக்குள் இறங்கினால் முதலில் அடைவது பைலட் ஜெட், வண்டி மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னக் குழல். அதன் துளை மெல்லிய ஊசிமுனை அளவுதான். அடுத்து, பெட்ரோல் வரவை அடைக்கும் மிதவை ஊசியின் உட்காருமிடத்தில் தூள் மாட்டிக்கொள்ளும், பெட்ரோல் நிற்காமல் வழியும். டேங்கை மட்டும் கழுவினால் முடிந்திருக்கும் வேலை கார்பரேட்டர், பிஸ்டன் வரைக்கும் நீண்டுவிடும்.

அடுத்தது தீ. இதை நிறுத்திப் படியுங்கள். பெட்ரோல் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. எரிவது திரவம் அல்ல, காற்றோடு கலந்த ஆவிதான். ஏறக்குறைய ஒன்றரை சதவீதத்திலிருந்து ஏழரை சதவீதம் வரை ஆவி காற்றில் கலந்திருந்தால் ஒரு பொறி போதும், டேங்க் வெடிக்கும். காலியாகத் தெரியும் டேங்கில் அந்தக் கலவை தயாராக இருக்கலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போகும். கொட்டகையில் வைத்துச் செய்தால் அது வைக்கோல் போர் வரைக்கும், பின்கட்டு அடுப்பு வரைக்கும் போகும். எனவே டேங்கைக் கழற்றித் திறந்த களத்துக்குக் கொண்டுபோங்கள். போர், அடுப்பு, மோட்டார் கொட்டகை மூன்றுக்கும் எட்டத்தில் இருக்கட்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. வாளியில் மணல் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ தண்ணீரோடு பரவும்.

டேங்கை இறக்கும் முன் பெட்ரோலை வடியுங்கள். டியூபை வாயில் வைத்து உறிஞ்சி இறக்கும் பழக்கம் நம்மூரில் இன்னும் போகவில்லை. பெட்ரோல் ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலும் அது உயிருக்கே ஆபத்து. தெரியாமல் விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்கவும் வைக்கக்கூடாது, மேலே வரும்போதுதான் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காக்கிலிருந்து டியூபைக் கழற்றி, ரிசர்வில் திருப்பி, இரும்பு டின்னில் வடித்தால் போதும். பிசினால் காக் அடைத்திருந்தால் டேங்கை நிமிர்த்தியபடியே கழற்றி, மூடி வழியாகக் கவிழ்த்து ஊற்றுங்கள். பெரும்பாலான பைக் டேங்குகள் நடுவே ஃப்ரேம் குழாய்க்கு இடம் விட்டு இரண்டு பக்கமும் தொங்கும் அமைப்பு. காக் இருக்கும் பக்கம் வடிந்தாலும் அடுத்த பக்கத்தில் கொஞ்சம் தங்கிவிடும். டேங்கைச் சாய்த்துச் சாய்த்து அதையும் எடுத்துவிட வேண்டும்.

வடித்ததை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அந்தத் தண்ணீர் யாருடைய நாற்றங்காலுக்குப் போகிறதோ தெரியாது. அடுப்பு பற்றவைக்கவும் குப்பை கொளுத்தவும் அதை எடுக்காதீர்கள். மூடி போட்ட டின்னில் அடைத்துப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்தால் செயின், கிரீஸ் பிடித்த சாமான்களைக் கழுவ வைத்துக்கொள்வார்கள். இதைப் படிக்கும் வேறு யாராவது 2000-க்கு முன் நிறுத்திய வண்டியைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் கையுறை கட்டாயம். ஈயம் கலக்காத பெட்ரோல் நாடு முழுவதும் வந்தது 2000-ல்தான். அதற்கு முந்தைய பெட்ரோலின் கசடில் ஈயம் இருக்கும்.

இனி உள்ளே பாருங்கள். எல்.இ.டி. டார்ச் போதும், தீக்குச்சியோ லைட்டரோ கூடாது. ஒரு குச்சி நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடிப்பள்ளத்தில் துடைத்து எடுங்கள். துணியில் வருவதைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். டேங்கில் இருக்கும் அழுக்கு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பெட்ரோல் கெட்டு உண்டான பிசின். அது முற்றிய வெல்லப்பாகு போல் பழுப்பாக இழுபடும், காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு வந்த வார்னிஷ் வாடை இதனுடையது. மற்றது துரு. துருவிலும் மூன்று நிலை உண்டு. துணியில் ஆரஞ்சுத் தூள் மட்டும் வந்தால் அது மேலோட்டமான துரு, கவலை வேண்டாம். செதில் செதிலாக உரிந்து வந்தால் வேலை இருக்கிறது. செதில் உரிந்த இடத்தில் குழி தட்டுப்பட்டு, வெளிப்புறத்திலிருந்து கட்டைவிரலால் அமுக்கும்போது தகடு உள்ளே போனால் அந்த இடம் மெலிந்துவிட்டது என்று அர்த்தம்.

பிசினும் துருவும் வேறு வேறு என்பதுதான் இந்த வேலைக்கே ஆதாரம். பிசினைக் கரைக்கும் தின்னர் துருவைத் தொடாது. துருவைத் தின்னும் அமிலம் பிசினைத் தொடாது. பிசின் மேலே இருக்கும்போது அமிலத்தை ஊற்றினால், பிசின் இல்லாத இடத்தில் நல்ல தகட்டை அரிக்கும், பிசினுக்கு அடியில் இருக்கும் துரு அப்படியே பத்திரமாக இருக்கும். ஆசிட் ஊற்றியும் போகவில்லை என்று என்னிடம் வரும் டேங்குகளில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். முதலில் பிசின், பிறகு எண்ணெய்ப் படலம், பிறகு துரு. இந்த வரிசை மாறக்கூடாது.

வேலையைத் தொடங்கும் முன் காக், மூடி, மூடியின் ரப்பர் வாஷர் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிடுங்கள். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த சாமான்களை அமிலம் தின்றுவிடும். காக் துளையை ரப்பர் வைத்த போல்ட்டாலோ இறுக்கமான தக்கையாலோ அடையுங்கள். பெயிண்டைக் காப்பாற்ற, மூடி வாயைச் சுற்றி வாஸ்லின் தடவி, மேலே பாலிதீன் தாளை ஒட்டி, டேங்கைப் பழைய கோணியில் சுற்றிவிடுங்கள். தின்னர் ஒரு சொட்டு பெயிண்டில் விழுந்தாலும் அந்த இடம் போனதுதான். அப்பாவின் கோடு இருக்கும் டேங்க் என்பதால் இந்த இடத்தில் அரைமணி நேரம் கூடுதலாகச் செலவழித்தாலும் தப்பில்லை.

பிசினுக்கு அசிட்டோன் நல்லது. கிடைக்காவிட்டால் பெயிண்ட் கடையில் விற்கும் என்.சி. தின்னர். ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றி மூடி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி வையுங்கள், ஒரு இரவு ஊறட்டும். இவையும் பெட்ரோல் போலவே தீப்பிடிக்கும், அதனால் முன்பு சொன்ன எச்சரிக்கை எல்லாம் இதற்கும் உண்டு. காலையில் ஊற்றிப் பார்த்தால் டீத்தண்ணீர் நிறத்தில் வரும். வெளுப்பாக வரும்வரை இன்னொரு முறை செய்யுங்கள். அதன் பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தைச் சுடுதண்ணீரில் கலந்து நிறைய ஊற்றிக் குலுக்குங்கள். டூ ஸ்ட்ரோக் ஆயில் படலம் இவ்வளவு வருடம் தகட்டைக் காத்திருக்கிறது, ஆனால் இப்போது அது நிற்கிற இடத்தில் அமிலத் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும். உள்ளே தண்ணீர் திட்டுத் திட்டாகப் பிரியாமல் சீராகப் படரும்வரை கழுவுங்கள்.

செதில் அதிகம் இருந்தால் இந்தக் கட்டத்திலேயே உள்ளே நட்டு, போல்ட்டுகளைப் போட்டுக் குலுக்கலாம். ஜல்லியும் மணலும் வேண்டாம், அவை உடைந்து மூலையில் தங்கிவிடும். இரும்பாக இருந்தால் கடைசியில் காந்தத்தால் எடுக்கலாம். எத்தனை போட்டீர்கள் என்று எண்ணி எழுதிவைத்து, வெளியே வந்ததையும் எண்ணுங்கள். சிலர் டேங்கை மெத்தையில் சுற்றி, ஜாக்கியில் தூக்கிய டிராக்டர் பின்சக்கரத்தில் கட்டி மெல்லச் சுழற்றுவார்கள். வேலை நன்றாக நடக்கும். ஆனால் ஏற்கனவே மெலிந்த தகட்டுக்கு அது தாங்காது, பெயிண்டுக்கும் ஆபத்து. உங்கள் டேங்குக்குக் கைக்குலுக்கலே போதும் என்று நினைக்கிறேன்.

இப்போது துருவுக்கு வருகிறேன். ஆசிட்டை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பாத்ரூம் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது துருவை வேகமாகத் தின்னும், அதில் சந்தேகமில்லை. துரு முடிந்ததும் நிற்காமல் நல்ல இரும்பையும் தின்னும். டேங்க் தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், குழி விழுந்த இடத்தில் அதிலும் பாதி. அதைவிட மோசம், இரண்டு தகடும் சேரும் மடிப்பில் குளோரைடு தங்கிவிடும். எவ்வளவு அலசினாலும் அந்த மடிப்புக்குள் போய் முழுதாக எடுக்க முடியாது. வெளியே பளபளவென்று தெரியும் டேங்க் அடுத்த மழைக்காலத்தில் மடிப்பிலிருந்து ஒழுகத் தொடங்கும். அதன் புகை கொட்டகையில் இருக்கும் ஸ்போக்ஸ், குரோம், ஏன் உங்கள் மண்வெட்டியைக்கூடத் துருப்பிடிக்க வைக்கும். நெஞ்சுக்கும் கேடு.

அதற்குப் பதில் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையிலும் கெமிக்கல் கடையிலும் தூளாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஐம்பதிலிருந்து எண்பது கிராம் வரை கரைத்து, டேங்க் விளிம்பு வரை நிரப்புங்கள். விளிம்பு வரை என்று சொல்வதற்குக் காரணம், துரு அதிகம் இருப்பது மேல்கூரையில். பாதி நிரப்பினால் அது நனையாது. மூடியை இறுக்கி அடைக்காதீர்கள், உள்ளே குமிழி வரும், வாயு வெளியேற வழி வேண்டும். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். தகடு சாம்பல் நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு மேல் விடவேண்டாம். மிச்சம் இருந்தால் பழையதைக் கொட்டிவிட்டுப் புதுக் கரைசல் ஊற்றுவது நல்லது. வினிகரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் மெதுவாக, நிரப்பும் அளவுக்கு வாங்கினால் செலவும் கூட. புளித்தண்ணீர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. டேங்குக்குள் புளிச் சக்கை ஒட்டிக்கொண்டால் எடுக்க வழியில்லை, வேண்டாம்.

துரு மிகவும் தடித்திருந்தால் இன்னொரு வழி மின்சாரம். வாஷிங் சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, மூடி வாய் வழியாக ஒரு இரும்புக் கம்பியை டேங்கில் படாமல் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவைக் கம்பிக்கும் நெகட்டிவை டேங்குக்கும் கொடுப்பது. நல்ல இரும்பை இது தின்னாது என்பது பெரிய அனுகூலம். ஆனால் மாற்றிக் கொடுத்துவிட்டால் டேங்க்தான் கரையும். கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவே கூடாது, அதிலிருந்து விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில் மட்டும்தான் செய்ய வேண்டும், பெட்ரோல் வாடை முழுதாகப் போன டேங்கில் மட்டும்தான் செய்ய வேண்டும். கம்பிக்கு நேரெதிரே இருக்கும் இடம் நன்றாகச் சுத்தமாகும், ஃப்ரேம் மேட்டுக்குப் பின்னால் ஒளிந்த இடம் அவ்வளவாக ஆகாது. மின்வேலை தெரிந்தவர் கூட இல்லையென்றால் எலுமிச்சை உப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

துருவை எடுப்பதைவிடக் கடினமானது அதற்கு அடுத்த ஒரு மணி நேரம். அமிலம் போன இரும்பு வெறும் இரும்பு, அதைப் பாதுகாக்க ஒன்றுமே இல்லை. தண்ணீரில் அலசிக் காற்றில் வைத்தால் கண்ணெதிரே, சில நிமிடங்களில், ஆரஞ்சு நிறம் படரத் தொடங்கும். இங்கேதான் உங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வரைக்கும் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. உப்புத்தண்ணீரில் கடைசி அலசல் அலசினால் செய்த வேலை அத்தனையும் வீண். முதல் அலசலுக்கு ஒரு கைப்பிடி சமையல் சோடாவைக் கரைத்த தண்ணீர், மிச்ச அமிலத்தை அது முறிக்கும். கடைசி இரண்டு அலசலுக்குப் பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். தண்ணீரை முழுதாக வடித்ததும் உடனே அரை லிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றி எல்லாப் பக்கமும் சுழற்றி வடித்துவிட்டால், மடிப்பில் நிற்கும் தண்ணீரையும் அது இழுத்துக்கொண்டு வரும். அந்த ஆவியும் தீப்பிடிக்கும், அது முழுதாகப் பறக்கும்வரை ஹேர் டிரையர், ஹீட் கன் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். வெயிலில் வாயைக் கீழே சாய்த்து வைத்தால் சீக்கிரம் காயும்.

அதனால்தான் இந்த வேலையை மழைக்காலத்தில் தொடங்காதீர்கள் என்கிறேன். சம்பா அறுப்பு முடிந்து களம் காலியாகட்டும். மாசி, பங்குனி வெயிலில் ஒரு மணி நேரத்தில் காயும் டேங்க், கார்த்திகையில் ஒரு நாள் வைத்தாலும் மடிப்பில் ஈரத்தோடு இருக்கும். 2009-லிருந்து நின்ற வண்டி இன்னும் இரண்டு மாதம் நிற்பதால் கெட்டுவிடாது. அதுவரை பெட்ரோலை மட்டும் வடித்துவிடுங்கள்.

காய்ந்ததும் காலதாமதம் செய்யாமல் கால் லிட்டர் டூ ஸ்ட்ரோக் ஆயிலை உள்ளே ஊற்றி, டேங்கை எல்லாத் திசையிலும் புரட்டி, தகடு முழுவதும் பூசிவிடுங்கள். மிச்சத்தை வடித்துக்கொள்ளலாம். உங்கள் வண்டி ஆயில் கலந்து ஓடுவது என்பதால் இந்தப் பூச்சால் எந்தக் கெடுதலும் இல்லை.

உள்ளே எபாக்சி லைனிங், அதாவது தகட்டின் உட்புறத்தில் இறுகி ஒட்டும் ரசாயனப் பூச்சு, அடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் என் கருத்து உறுதியாக இல்லை, பார்த்ததை மட்டும் சொல்கிறேன். முழுதாகச் சுத்தமாகி, எண்ணெய்ப் பசையே இல்லாத, நன்றாகக் காய்ந்த தகட்டில் அடித்த லைனிங் நெடுநாள் நிற்கிறது. கொஞ்சம் பிசினோ ஈரமோ இருந்த டேங்கில் அடித்தது பாளம் பாளமாக உரிந்து காக்கை அடைக்கிறது, அதை எடுப்பது துருவை எடுப்பதைவிடப் பெரிய பாடு. எத்தனால் கலந்த பெட்ரோலை எல்லா லைனிங்கும் தாங்குவதில்லை. ஓட்டை இல்லாத டேங்குக்கு லைனிங் தேவையில்லை என்பதுதான் நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது. அடிப்பதாக இருந்தால் மேலே சொன்ன ஆயில் பூச்சுக்கு முன்பே அடிக்க வேண்டும்.

ஓட்டை இருக்கிறதா என்பது சுத்தம் செய்த பிறகுதான் தெரியும். துருவே சில ஊசித்துளைகளை அடைத்துக்கொண்டு நின்றிருக்கும், துரு போனதும் அவை திறக்கும். அடிமடிப்பு முழுவதும் வெளிப்புறத்தில் சாக்பீஸை நன்றாகத் தேய்த்துவிட்டு, உள்ளே இரண்டு லிட்டர் டீசல் ஊற்றிப் பழைய பேப்பர் மேல் ஒரு இரவு வையுங்கள். கசிவு இருந்தால் வெள்ளைச் சாக்பீஸில் ஈரப்புள்ளி கருத்துத் தெரியும். கண்ணால் பார்த்தால் தெரியாத கசிவுகூட இதில் சிக்கும். வழியில் திடீரென்று கசிந்தால் குளியல் சோப்பை அழுத்தித் தேய்த்து வீடு வந்து சேருவது பழைய மெக்கானிக் வழி, சோப்பு பெட்ரோலில் கரையாது. ஆனால் அது வீடு வந்து சேருவதற்கு மட்டும்தான். நிரந்தரமாக அடைக்க, டேங்க் வேலையே செய்து பழகியவரிடம் பித்தளைப் பற்று வைக்கக் கொடுங்கள். அவர் தீயைக் காட்டும் முன் டேங்கை நன்றாகக் கழுவி, பற்று வைக்கும் இடம் மட்டும் தவிர மற்றதெல்லாம் தண்ணீரால் நிரப்புகிறாரா என்று பாருங்கள். அப்படிச் செய்யாமல் வெல்டிங் கம்பியை எடுப்பவரிடம் டேங்கைக் கொடுக்காதீர்கள். எத்தனை வருடம் காலியாக இருந்த டேங்காக இருந்தாலும் மடிப்பில் இருக்கும் பிசின் சூடேறினால் ஆவி விடும்.

மற்ற சாமான்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காக்கைப் பிரித்து உள்ளே இருக்கும் வலையைக் கழுவுங்கள், வலை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். மெயினுக்கு நீளமான குழாயும் ரிசர்வுக்குக் குட்டையானதும் இருப்பதால் அடியில் தங்கும் கசடு முதலில் இறங்குவது ரிசர்வ் வழியாகத்தான். மூடியில் இருக்கும் காற்றுத் துளையை அவசியம் பாருங்கள். கொட்டகையில் நின்ற வண்டிகளில் அந்தத் துளையைக் குளவி மண்ணால் பூசி அடைத்திருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். துளை அடைத்திருந்தால் வண்டி நன்றாகக் கிளம்பி, சில கிலோமீட்டர் ஓடி, பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும். இது தெரியாமல் காயில், பிளக் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். டியூபைப் புதிதாகப் போட்டு, நடுவே உள்ளே தெரியும் ஃபில்டர் ஒன்று வையுங்கள். பெட்ரோல் தானாக இறங்கும் வண்டி என்பதால் வலை வைத்த ஃபில்டர்தான் சரி, பேப்பர் ஃபில்டரில் ஓட்டம் குறையும்.

கடைசியாக இன்றைய பெட்ரோல். நீங்கள் வண்டியை நிறுத்திய காலத்தில் வாங்கிய பெட்ரோல் வேறு. இப்போது பங்க்கில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், தண்ணீர் அதிகமானால் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து அடியில் நிற்கும். ஆயில் கலந்து ஓடும் வண்டிக்கு அது நல்லதல்ல, ஏனென்றால் பிரிந்து நிற்கும் அந்தக் கலவையில் ஆயில் கரையாது, அது மட்டும் எஞ்சினுக்குள் போனால் மசகு இல்லாமல் ஓடும். பழைய ரப்பரையும் எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். காக் வாஷர், மூடி வாஷர், டியூப், கார்பரேட்டர் ரப்பர்கள் எல்லாவற்றையும் இப்போதே புதிதாகப் போட்டுவிடுவது நல்லது என்று சொல்வது இதனால்தான். டேங்கைக் கழுவிய சந்தோஷத்தில் ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றிவிடாதீர்கள். அளவை உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதுபோல் கலந்து, முதலில் இரண்டு லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவியிருக்க வேண்டும். எஞ்சினின் கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் இவ்வளவு வருடத்தில் விறைத்திருக்கும், அதையும் ஒரு மெக்கானிக் பார்க்கட்டும். முதல் இரண்டு லிட்டர் ஓடியதும் ஃபில்டரில் பழுப்புத் தூள் தெரிந்தால் டேங்கை இன்னொரு முறை அலசுங்கள், தெரியாவிட்டால் நிரப்பிக்கொள்ளலாம்.

மறுபடி நிறுத்தி வைக்கும் நிலை வந்தால், இரண்டு மூன்று மாதம் என்றால் விளிம்பு வரை நிரப்பி நிறுத்துங்கள், ஈரக் காற்றுக்கு உள்ளே இடமில்லாமல் போகும். அதற்கு மேல் என்றால் முழுதாக வடித்து, கார்பரேட்டரையும் காலி செய்து, ஆயில் பூசி நிறுத்துங்கள். அரை டேங்கோடு நிறுத்தவே கூடாது.

இவ்வளவும் உங்கள் டேங்கைப் பார்க்காமல் சொன்னது. அடிப்பள்ளத்தில் தகடு மெலிந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து இதில் பாதி மாறும். மெலிந்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு மேல் இருந்தால் பற்று வைத்துப் பயனில்லை. அப்போதும் புது டேங்க்தான் என்று இல்லை, அடித்தகட்டை மட்டும் வெட்டிப் புதுத் தகடு வைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், சூடு படும் கீழ்விளிம்பைத் தவிர மேலே இருக்கும் பெயிண்டும் கோடும் தப்பும். வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு, துணியையும் மூடி வாய் வழியாக டார்ச் அடித்த உட்புறத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.